வெளிநாட்டு மாணவி

அத்தியாயம் பதினொன்று

பிலிமத்தலாவை மிளகாய் மில் பொன்னையாவின் வீட்டில் நாலைந்து நாளாக யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மனைவி சுப்பம்மா கோபத்தில் குழம்புச் சட்டியைப் போட்டு உடைத்ததையும், “அவ இந்தியாவுக்குப் போனா நான் இந்த மில்லுக்குள்ள கால் வைக்க மாட்டேன்” என்று மூத்தவன் முத்துலிங்கம் நடுவீட்டில் நின்று கத்தியதையும் போன வாரம் பார்த்தோம்.

எல்லாம் மகள் அன்னலெட்சுமிக்கு வந்த கடிதத்தால் வந்த வினை. தமிழ்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விவசாய விஞ்ஞானம் படிப்பதற்கு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று திறமை பார்த்துக் கொடுக்கிற ஸ்கொலர்ஷிப். கண்டியில் உள்ள இந்தியக் காரியாலயத்தில் செவ்வாய்க்கிழமை காலை நேர்முகம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் வந்தது. முந்திய நாளே கொழும்பு எரியத் தொடங்கியிருந்தது.

“கொழும்புல நடக்கிறது கொழும்போட,” என்றார் பொன்னையா, வேட்டியைக் கட்டிக்கொண்டே. “எழுவத்தேழு கலவரத்துலயும் இப்பிடித்தான் பயந்தீங்க. கல்லைத்தான எறிஞ்சானுங்க? மில்லத் தொட்டானுங்களா?”

பொன்னையாவுக்கு ஒரு தைரியம் இருந்தது. அந்தத் தைரியம் அவருடைய சட்டைப் பையில், பொலித்தீன் உறைக்குள் மடித்து வைத்த காகிதமாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நாடற்றவன் என்று பெயர் எடுத்து, அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி வாங்கிய இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம். அது இல்லாமல் அவர் சந்திக்குப் போய் வெற்றிலைகூட வாங்க மாட்டார். முருகன் படத்துக்கு விளக்கேற்ற மறந்தாலும் மறப்பார், அந்தக் காகிதத்தைப் பையில் வைக்க மறக்க மாட்டார்.

சுப்பம்மாவின் கட்சி வேறு. அவளுடைய அண்ணன் கறுப்பையா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எப்போதோ கப்பலேறிப் போனவன். அன்றிலிருந்து இன்றுவரை அவள் வாயில் ஒரே பாட்டுத்தான். போனால் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போவோம், ஒற்றைப் பொட்டைப்பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டேன். புருஷனோ இது நம்ம நாடு, நான் எதற்குப் போக வேண்டும் என்பார். இந்த இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில்தான் அன்னம் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். பரீட்சைக்குப் படித்துப் பாஸ் பண்ணினாள்.

இருந்தாலும் தாய் தாய்தான். விடியக் காலையில் எழுந்து, மகளுக்குத் தலை பின்னி, கனகாம்பரம் வைத்து, அலுமாரியிலிருந்து தன்னுடைய மாம்பழக் கலர்ச் சேலையை எடுத்துக் கட்டிவிட்டாள். நெற்றியில் திருநீறும் பெரிய பொட்டும்.

அன்னம் தயங்கினாள். எழுபத்தேழுக்குப் பிறகு அவள் கண்டிக்குப் போகிற நாளெல்லாம் கவுனும் மொட்டை நெற்றியும்தான். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்காமல் போய்வர அதுதான் வசதி.

“பொட்டு வேணாம்மா. டவுன்ல எறங்கணும்.”

“இந்தியாக்காரவங்க முன்னாடி வெறும் நெத்தியோட போயி நிப்பியா? என்ன சனமோன்னு நெனைக்க மாட்டாங்க? சும்மா இரு.”

பிறகு மூன்று காய்ந்த மிளகாயை மகளின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கருகியது. யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

“பாத்தியா? கொஞ்சமும் நெடி வரல. ஊருக் கண்ணு அவ்வளவும் ஓம்மேலதான்டி.”

முத்துலிங்கம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தான். கறித்தூள் பார்சல்களை மில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவைப் பக்கம். தங்கையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அன்னத்தின் புத்தகங்களுக்கு மேல் அவனுடைய ஹீரோ பேனா இருந்தது. மை நிரப்பி, மூடியைத் துடைத்து வைத்திருந்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு மில்லுக்கு வந்தவன், அந்தப் பேனாவை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை.

அன்னம் பேனாவை எடுத்துக்கொண்டாள். அண்ணன் திரும்பி வந்ததும் காலைக் கட்டிக்கொண்டாவது சமாதானம் ஆகிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள்.

* * *

அப்பாவும் மகளும் உள்ளே போனபோது நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கேள்வி கேட்டதெல்லாம் நடுவில் இருந்த அம்மாதான். மதராஸ்காரர். நரைத்த முடியும் நல்ல சிரிப்பும்.

“மார்க் இவ்வளவு நல்லா இருக்கே. இங்கே ஏன் இடம் கிடைக்கல?”

“மாவட்டம் பாத்துத்தான் கம்பஸுக்கு எடுப்பாங்க மேடம். கொஞ்சத்துல தவறிப் போச்சு.”

“எங்க திட்டத்துல உன்னை வெளிநாட்டு மாணவின்னுதான் எடுப்போம். தெரியுமில்லையா?”

அன்னத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“என்ன சிரிப்பு?”

“இங்க எங்களை இந்தியாக்காரங்கன்னுதான் சொல்லுவாங்க மேடம். பள்ளிக்கூடத்துல, பஸ்ஸுல, எல்லா எடத்துலயும். இந்தியாவுல போயி நாங்க வெளிநாடா?”

அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்தார். பொன்னையாவின் பத்திரத்தை வாங்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

“அன்னலெட்சுமி, உன்னைத் தேர்ந்தெடுத்தாச்சு. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. இது இலங்கைப் பிள்ளைகளுக்கான உதவி. படிச்சு முடிச்சதும் இந்த நாட்டுக்குத் திரும்பி வருவேன்னு நீ எழுதித் தரணும். அப்பா, அம்மா ரெண்டு பேரும் இங்கேயே குடியிருக்கணும், ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். குடும்பமே இந்தியாவுக்கு வந்துட்டா இந்த இடம் செல்லாது. புரியுதா?”

“திரும்பி வராம எங்க போவா தாயி?” என்றார் பொன்னையா பெருமையாக. “இது எங்க நாடு.”

அன்னம் கையெழுத்திட்டாள். முத்துலிங்கத்தின் பேனாவால் பொன்னையாவும் ‘மு. பொன்னையா’ என்று ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். மீதி இருந்தது சுப்பம்மாவின் கைநாட்டு. வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

அறைக்கு வெளியே பியூன் ஓடி வந்தான். “டவுன் சரியில்லைங்க. பொகை வருது.”

“இங்கேயே இருங்க,” என்றார் அந்த அம்மா. “அடங்கினதும் போகலாம்.”

பொன்னையா கேட்கவில்லை. “மில்லுல எம்பொஞ்சாதி தனியா இருக்கா தாயி.”

அன்னம் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். பேனாவையும் அங்கேயே செருகினாள்.

* * *

காரியாலயத்து மேட்டிலிருந்து இறங்கும்போதே கண் எரிந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் கருப்புப் புகை கூரை கூரையாக ஏறிக்கொண்டிருந்தது. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் இல்லை, சனம் இருந்தது. தடியும் இரும்புக் கம்பியும் பெற்றோல் கலனும் வைத்திருந்த சனம்.

புடைவைக் கடை ஒன்றின் கதவை லொறியால் இடித்துத் திறந்திருந்தார்கள். துணிக் கட்டுகள் ரோட்டில் உருண்டு அவிழ்ந்து எரிந்தன. எதிரே இருந்த சலூனிலிருந்து பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஒருவன் தெறித்து ஓடினான். அவன் சிங்களவன், விட்டுவிட்டார்கள். சலூன்காரரை விடவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துணியைப் பிடித்தே அவரை வெளியே இழுத்தார்கள். அவர் கடையில் ஆட்கள் உட்காரும் கதிரையின் காலைக் கழற்றி அதனாலேயே அடித்தார்கள். முதல் அடியில் கையைத் தூக்கினார். அடுத்த அடியில் கை கீழே விழுந்தது. அதன் பிறகும் அடித்தார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை.

பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் இருவர் கடை எரிவதைத் திருவிழா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அப்பா, திரும்பிருவோம்.”

“ஓடாத. ஓடுனா தெரிஞ்சுரும். நடந்து வா.”

வேட்டியும் திருநீறும் போதாதா? ஓடித்தானா தெரிய வேண்டும்? மனிதருக்கு அது உறைக்கவில்லை. நாலு எட்டு முன்னால் போனார், நாலு பக்கமும் மடக்கிவிட்டார்கள்.

“தெமளத?” என்றான் ஒருவன். தமிழனா என்று கேட்டான்.

பொன்னையா நல்ல சிங்களத்தில்தான் பதில் சொன்னார். இந்தச் சந்திகளில் முப்பது வருடம் மிளகாய் விற்ற சிங்களம். “மஹத்தயா, நான் இந்த நாட்டுப் பிரஜை. பத்திரம் இருக்கிறது. பாருங்கள்.”

சட்டைப் பையிலிருந்து அந்தப் பொலித்தீன் உறையை எடுத்து நீட்டினார்.

ஐயோ, அதை எடுத்திருக்க வேண்டாம். பேசாமல் நின்றிருந்தால் இரண்டு அடியோடு போயிருக்கும். ஆனால் கந்தோரில் காட்டி, பொலிஸில் காட்டி, பங்கீட்டுக் கடையில் காட்டிப் பழகிய கை அது. காகிதத்தைக் காட்டினால் மனிதனாக மதிப்பார்கள் என்று நம்பிய கை.

வாங்கியவன் படிக்கத் தெரிந்தவன். சத்தமாகவே படித்தான். பெயரைப் படித்தான், தகப்பன் பெயரைப் படித்தான், பிறந்த தோட்டத்தின் பெயரைப் படித்தான். இந்திய வம்சாவளி, பதிவுப் பிரஜை என்ற இடம் வந்ததும் நிறுத்திச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

“பிரஜையாம்! தின்னு பார்ப்போம்.”

பத்திரத்தை நாலாகக் கிழித்தான். ஒருவன் பொன்னையாவின் கழுத்தைப் பின்னால் இருந்து வளைத்தான். இன்னொருவன் தாடையைப் பிடித்துத் திறந்தான். காகிதத்தை வாய்க்குள் திணித்து, கம்பி முனையால் உள்ளே தள்ளினார்கள். பல் உடைகிற சத்தம் அன்னத்துக்குக் கேட்டது.

“அப்…”

அதற்கு மேல் வரவில்லை. யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். ஒரு பெண்ணின் கை. அதே கை அவள் நெற்றியை அழுத்தித் துடைத்தது, கனகாம்பரத்தைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தது, ஒரு கறுப்புத் துப்பட்டியை அவள் தலையிலும் தோளிலும் சுற்றியது.

“அசையாதீங்கொ புள்ள. நீங்க இப்ப என்ட தங்கச்சி. வாயத் தொறந்தா ரெண்டு பேரையும் முடிச்சிருவானுகள்.”

அவள் பெயர் றமீலா என்று அன்னத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மருந்துக் கடைக்கு வந்தவள். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் மறைவில் அன்னத்தின் மணிக்கட்டை விடாமல் இறுக்கினாள்.

“பலயல்லா இந்தியாவட்ட!” என்று கத்திக்கொண்டே அடித்தார்கள். இந்தியாவுக்கு ஓடுங்கடா. முழங்காலில் ஓர் அடி. விலாவில் ஓர் அடி. விழுந்த பிறகு மிதித்தார்கள். மாம்பழக் கலர்ச் சேலையின் கரை துப்பட்டிக்குக் கீழே தெரிந்துவிடுமோ என்று றமீலா நடுங்கினாள். அன்னம் நடுங்கவில்லை. அன்றைக்கு அவள் கையில் ஒரு கத்தி இருந்திருந்தால், பத்திரத்தைப் படித்தானே, அவன் வயிற்றில் இறக்கியிருப்பாள். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். சாது, வாய் பேசாதவள் என்று பத்து வாரமாக நாம் பார்த்த பெண்தான்.

இந்தியாவுக்கு வரலாம், ஆனால் இலங்கைக்குத் திரும்பி வருவேன் என்று எழுதித் தர வேண்டும். அவளுடைய ரவிக்கைக்குள் அந்தக் காகிதம் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

நகைக் கடை ஒன்றை உடைத்துவிட்டார்கள் என்று மேல் தெருவிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே ஓடினார்கள். பொன் என்றதும் பொன்னையா அவர்களுக்கு மறந்து போனார்.

இரண்டு பெண்களும் அவரை ஒரு சந்துக்குள் இழுத்துப் போட்டார்கள். அன்னம் அவருடைய வாய்க்குள் விரலை விட்டு, இரத்தத்தில் ஊறிய காகிதத்தைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தாள். ஒரு துண்டில் அரசாங்க முத்திரை பாதி தெரிந்தது. கூடவே இரண்டு பல்லும் வந்தன.

“அப்பா, மூச்சு விடுங்க. அப்பா.”

அவர் மூச்சு விட்டார்.

* * *

றமீலாவின் தம்பி பேக்கரி வான் ஓட்டுகிறவன். பொன்னையாவின் வேட்டியை அவிழ்த்துவிட்டு முஸ்லிம்கள் உடுத்தும் சாரத்தைக் கட்டி, தலையில் தொப்பி வைத்து, பாண் தட்டுகளுக்கு நடுவில் படுக்க வைத்தார்கள். பேராதனைப் பாலத்தடியில் ஒரு கும்பல் வானை மறித்தது.

“வாப்பாக்குச் சொகமில்ல, ஊட்டுக்குக் கொண்டு போறன்,” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தட்டோடு பாணை இறக்கிக் கொடுத்தான் அந்தத் தம்பி. கொலைகாரர்களுக்கும் பசிக்கும் போலிருக்கிறது. பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டே வழி விட்டார்கள்.

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டின் குறுக்கே டயர்கள் எரிந்தன. அதற்கு மேல் வான் போகாது.

“ரயில் பாதையால போங்கொ தங்கச்சி. துப்பட்டியக் கழட்ட வாண. அல்லாஹ் காவல்,” என்றான் றமீலாவின் தம்பி.

அப்பாவின் ஒரு கையைத் தோளில் போட்டுக்கொண்டு, அன்னம் சிலிப்பர் கட்டை சிலிப்பர் கட்டையாக நடந்தாள். இருமும்போதெல்லாம் அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், உட்கார வேண்டுமா என்று கேட்டாள். காலையில் “இது எங்க நாடு” என்று சொன்ன மனிதர் அடி விழுந்த பிறகு ஒரு சொல் பேசவில்லை.

பிலிமத்தலாவை ஸ்டேஷன் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குள் நெடி வந்துவிட்டது.

முதலில் மூக்கில் ஒரு கடி. அடுத்து தொண்டையில் நெருப்பு. அன்னம் தும்மினாள், மறுபடியும் தும்மினாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காலையில் மூன்று மிளகாய்க்கு வராத நெடி, இப்போது மூட்டை மூட்டையாக மலையைச் சுற்றி வந்தது. சொல்ல வேண்டிய தேவையே இல்லை. எரிவது எது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

“அம்மா,” என்று அலறிக்கொண்டு அன்னம் அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மில்லின் கூரைத் தகரம் ஒவ்வொன்றாக வெடித்துப் பறந்துகொண்டிருந்தது. அரைக்கிற இயந்திரம் செக்கச் சிவந்து நின்றது. கொளுத்தியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. எப்படி இருப்பார்கள்? அந்தப் புகையில் பேய்கூட நிற்காது. பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை.

“புள்ள! இங்கால வாங்கொ! இங்கால!”

பின்வளவு வேலிக்கு அப்பால் ஆஸியா உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பின்வளவை ஒட்டிய அடுத்த வீட்டுக்காரி. அன்னம் பிறந்தபோது தூக்கிய மனுஷி.

* * *

சுப்பம்மா ஆஸியா உம்மாவின் அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. வாழைத் தண்டுச் சாறு பூசி, பழைய துணியால் சுற்றியிருந்தார்கள். புருஷனைப் பார்த்தாள். அவருடைய வாயைப் பார்த்தாள். அழவில்லை.

“நெருப்ப வெச்சிட்டு ஊட்டுக்குள்ள பாயத்தான் வந்தானுகள்,” என்று ஆஸியா உம்மா சொன்னார். “இவ என்ன செஞ்சா தெரியுமா? மொளவாத்தூள் பீப்பாவத் தொறந்து, அப்பிடியே நெருப்புக்குள்ள தள்ளிட்டா. கை போச்சி. ஆனா ஒருத்தனும் நிக்கல்ல. எங்கட வரிசையே அதால தப்பிச்சி.”

“அண்ணே எங்கம்மா?” என்றாள் அன்னம்.

ஆஸியா உம்மா தன் புருஷன் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் கதவடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடுகண்ணாவை வரைக்கும் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார்.

“வான் கணவாய்க்குக் கிட்ட நிக்கிது புள்ள. கதவு தொறந்து ஈக்கி. சாவி அதிலேயே ஈக்கி. பார்சல் ஒண்டையும் யாரும் தொடல்ல. தம்பியத்தான் காணல்ல.”

அன்னம் தரையில் உட்கார்ந்தாள். காலையில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே, எழுந்து ஓடிப் போய் வானை மறித்திருக்கலாமே என்று நினைத்தாள். அவன் பேனா மட்டும் மார்பில் குத்தியது.

அப்போது பொன்னையா பேசினார். உடைந்த வாயால், ஒவ்வொரு சொல்லாக.

“அந்தக் காயிதத்தக் கிழி.”

“என்னப்பா?”

“கிழி. எல்லாரும் போயிருவோம். தலைமன்னார்ல கப்பல் ஏறுவோம். கறுப்பையா மச்சான் வீட்டுத் தாவாரத்துல கெடந்தாலும் கெடப்போம். இந்த மண்ணுல இனி ஒரு நாளும் வேணாம்.”

குடும்பமாகப் போனால் ஸ்கொலர்ஷிப் செல்லாது என்று அவருக்குத் தெரியும். அன்னத்துக்கும் தெரியும். அகதி முகாமில் வரிசையில் நிற்கிற பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் யார் இடம் வைத்திருப்பார்கள்? இருந்தாலும் அந்த வாயைப் பார்த்த பிறகு அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்தாள். பேனாவும் கூட வந்து மடியில் விழுந்தது. காகிதத்தின் இரண்டு முனைகளையும் பிடித்தாள்.

“கிழிச்ச, கைய ஒடிச்சிருவேன்.”

சுப்பம்மாதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கலியாணங் கட்டி வந்த நாள்லருந்து இந்தியா இந்தியான்னு கத்துனேன். அப்ப யாரும் கேக்கல. இப்ப நீங்க போவோங்கிறீங்க. நல்லாருக்கு!” அவள் குரல் ஏறியது. “எம்மவன் எங்க வருவான்? சொல்லுங்க! தப்பிச்சு ஒளிஞ்சு, ஒரு நாள் ராவுல வந்து இந்த வீட்டுக் கதவத்தான தட்டுவான்? இந்தியாவுல போயா தட்டுவான்? அவன் வர்ற வரைக்கும் நான் இந்தச் சாம்பல்லயே உக்காந்திருப்பேன். நீங்களும் இருப்பீங்க.”

“சுப்பம்மா… கொன்னுருவானுங்கடி.”

“கொல்லட்டும்.”

பொன்னையா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது அன்னம் பார்த்ததே இல்லை. ஆஸியா உம்மா மெதுவாக அவர் பக்கம் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார்.

சுப்பம்மா மகளிடம் திரும்பினாள். “அதுல என்ன எழுதியிருக்கு? படி.”

காகிதம் இங்கிலீசில் இருந்தது. அன்னம் தமிழில் சொன்னாள். “படிப்பு முடிஞ்சதும் நான் என் சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவேன். அதுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேரும் பொறுப்பு.”

“திரும்பி வரணும்னா எழுதியிருக்கு?”

“ஆமாம்மா.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

“இல்லம்மா.”

“அப்ப மைய எடு.”

மைப்பெட்டிக்கு எங்கே போவது? மில்லில் இருந்த ஒன்றும் நெருப்போடு போனது. அன்னம் அண்ணனுடைய பேனாவின் கழுத்தைத் திருகிக் கழற்றினாள். உள்ளே இருந்த மையை அம்மாவின் இடது பெருவிரலில் சொட்டுச் சொட்டாக விட்டாள். நீல மை நகக்கண்ணில் ஓடி, உள்ளங்கை ரேகையில் இறங்கியது.

சுப்பம்மா காகிதத்தின் மேல் குனிந்தாள். விரலை வைக்கவில்லை.

“இது ஒனக்கு மட்டும் வைக்கலடி,” என்றாள். “திரும்பி வரணும்னு ரெண்டு பேருக்கும் சேத்து வைக்கிறேன்.”

அழுத்தி வைத்தாள்.

வெளியே எங்கோ ஒலிபெருக்கியில் ஊரடங்கு என்று சிங்களத்தில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து, ரோடு வெறிச்சோடிப் போன பிறகு, எரிந்த மில்லுக்கு முன்னால் ஒரு வாகனம் வந்து நின்றது. கதவு திறந்து மூடியது. யாரோ இறங்கினார்கள். ஹாஜியார் சட்டென்று லாம்பைக் குறைத்து, யாரும் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

காலடி வேலிப் பக்கமாக வந்தது. ஆஸியா உம்மா அன்னத்தின் தலையில் துப்பட்டியை இழுத்து விட்டார். சுப்பம்மா மட்டும் எழுந்தாள். யார் தடுத்தும் கேட்காமல், மை காயாத கையை நீட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.